விடுதிச் சமையலறைக்குப் பின்னால் மூன்று தொட்டிகள்

சென்ற வாரம் பக்கத்து மாவட்டத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு பேராசிரியை தொலைபேசியில் அழைத்தார். அவர்கள் வளாகத்தில் மண்புழு உரத் தொட்டி கட்டப்போகிறார்களாம். எத்தனை அடி நீளம், எத்தனை செங்கல், புழு எங்கே கிடைக்கும், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் விடை சொன்னேன். பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. தொலைபேசியை வைத்த பிறகு மனம் உறுத்தத் தொடங்கியது. கோடை விடுமுறையில் யார் தண்ணீர் தெளிப்பார்கள் என்று நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வியை எங்களிடம் யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. அதனால் ஒரு மே மாதத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களைச் சாகவிட்டோம். அவருக்காகவும், அவரைப்போலத் தொடங்க இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் விலங்கியல் கற்பிக்கிறேன். விருதுநகர் மாவட்டத்தில், கரிசல் காட்டுக்கு நடுவே எங்கள் கல்லூரி. சுற்றிலும் மானாவாரி நிலம். ஐப்பசி மழையை நம்பி விதைப்பார்கள். சித்திரையில் அதே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வளாகத்துக்குள் மட்டும் வேம்பும் புங்கையும் தூங்குமூஞ்சி மரங்களும் நெருங்கி நிற்கின்றன. உதிரும் சருகையெல்லாம் கூட்டிக் குவித்து, மாலையில் தீ வைத்துவிடுவது வழக்கமாக இருந்தது. அந்தப் புகை நேரே பெண்கள் விடுதிக்குள் போகும். மூச்சிரைப்பு உள்ள முதலாமாண்டு மாணவி ஒருத்தி, "மேடம், சாயங்காலம் ஆறு மணி ஆனாலே எனக்குப் பயமாக இருக்கிறது" என்று வகுப்பு முடிந்ததும் வந்து சொன்னாள். விடுதிச் சமையலறைக் கழிவோ சுற்றுச்சுவரை ஒட்டிய பள்ளத்தில் கொட்டப்பட்டு, நாய்களும் பன்றிகளும் கிளற, அழுகி நாறிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் எரிகிற சருகு, மறுபக்கம் அழுகுகிற காய்கறித் தோல். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் இரண்டு தொல்லையும் தீரும் என்பது பாடம் நடத்துகிற எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏழு ஆண்டுகள் அந்தப் புகையைக் கடந்து போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த மாணவி வந்து சொன்ன மாதமே வேலையைத் தொடங்கினோம். விடுதிச் சமையலறைக்குப் பின்னால், பழைய சைக்கிள் கொட்டகை இருந்த இடத்தில், 10 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி உயரத்தில் மூன்று செங்கல் தொட்டிகள். அகலம் 3 அடிக்கு மேல் போகக் கூடாது. இரண்டு பக்கத்திலிருந்தும் கை நடுவுக்கு எட்ட வேண்டும். அடியில் உடைந்த செங்கல், அதன் மேல் ஆற்று மணல், அதன் மேல் தேங்காய் மட்டை. தண்ணீர் வடிய ஒரு துளை, மேலே தென்னங்கீற்றுக் கூரை. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு விவசாயியிடம் தொட்டிக்கு ஒரு கிலோ வீதம் புழு வாங்கினோம். ஒரு கிலோ என்பது ஏறக்குறைய ஆயிரம் புழுக்கள்.

முதல் தவறு ஒரே வாரத்தில் நடந்தது. பச்சைச் சாணத்தையும் காய்கறிக் கழிவையும் தொட்டி நிறையக் கொட்டி, மறுநாளே புழுவை விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் பார்த்தால் புழுக்கள் எல்லாம் சுவரோரம் ஏறி ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. வேதியியல் துறையிலிருந்து வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கி நடுவில் சொருகினோம். 47 டிகிரி காட்டியது. புதுச் சாணம் நொதிக்கும்போது உண்டாகும் சூடு அது. மண்புழுவுக்கு 20 முதல் 30 டிகிரி வரை இதம்; 35ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சாணத்தையும் சருகையும் கழிவையும் தனியாகக் குவித்து, தண்ணீர் தெளித்து, புரட்டிப் போட்டு, 15 முதல் 20 நாள் வரை சூடு தணியவிட்ட பிறகே தொட்டிக்குள் போட வேண்டும். புத்தகத்தில் இருந்த வரிதான். சூட்டைக் கையால் தொட்ட பிறகே எங்களுக்கு அது உறைத்தது.

இரண்டாவது தவறு சாம்பார் சாதம். தட்டில் மிஞ்சியதையும் தொட்டியில் கொட்டலாம் என்று நல்லெண்ணத்தில் யாரோ தொடங்கிவைத்தார்கள். உப்பும் எண்ணெயும் புளியும் சேர்ந்த சோறு மண்புழுவுக்கு விஷம்போல. அதன் தோல் முழுவதும் ஈரமான மெல்லிய சவ்வு. உப்புப் பட்டால் உடலின் நீர் வெளியே இழுக்கப்படும். சமைக்காத கழிவு மட்டும் தொட்டிக்கு என்று முடிவு செய்து, சமையலறை வாசலில் இரண்டு கூடைகள் வைத்தோம். வெங்காயத் தோல், முட்டைக்கோஸ் இலை, வாழைப்பூ மடல், முருங்கைக் காம்பு, கீரைத் தண்டு எல்லாம் பச்சைக் கூடைக்கு. பதினொரு நாள் தொடர்ந்து எடை போட்டதில் நாளுக்குச் சராசரியாக 18 கிலோ வந்தது. தட்டில் மிஞ்சும் சோறு அதைவிட அதிகம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், எழுதுவேன்.

இந்த இடத்தில் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விடுதியைச் சுத்தம் செய்யும் அவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முதல் மாதம் நானும் மாணவிகளும் ஈரப்பதத்தைக் கணக்கிட ஆய்வகத்தில் மாதிரியை எடை போட்டு, அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடை போட்டுக்கொண்டிருந்தோம். 60 முதல் 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அக்கா ஒரு நாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, தொட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்தார். கையை விரித்துக் காட்டினார். "கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும் டீச்சர். கை நனைய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. இது சொட்டுகிறது பாருங்கள்" என்றார். அவர் வீட்டில் ஆடும் மாடும் இருந்தவர். குப்பைக் குழியோடு வளர்ந்தவர். அன்று அந்தப் பிடியை உலர்த்தி எடை போட்டுப் பார்த்தோம்: 84 சதவீதம். அடுத்த வாரம் அவர் "இப்போது சரி" என்று சொன்ன பிடி 70ஐ ஒட்டி வந்தது. அதற்குப் பிறகு எங்கள் மாணவிகள் முதலில் கையால் பிடித்துப் பார்த்து ஒரு மதிப்பை எழுதிவைத்துவிட்டு, பிறகு அடுப்பில் உலர்த்திச் சரிபார்க்கிறார்கள். ஓராண்டுக்குள் ஐந்து சதவீதப் பிசகுக்குள் சொல்லும் அளவுக்கு மூன்று பேர் தேறிவிட்டார்கள்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் உயிரியல் படித்து வருகிறவர்கள் எல்லாரும் பதினொன்றாம் வகுப்பில் லாம்பிட்டோ மௌரிட்டி என்ற மண்புழுவை மனப்பாடம் செய்தவர்கள். கிளைடெல்லம் என்ற தடித்த பட்டை எத்தனையாவது கண்டத்தில், அதாவது உடல் வளையத்தில், என்று தூக்கத்தில் கேட்டாலும் 14 முதல் 17 வரை என்று சொல்வார்கள். ஆனால் என் வகுப்பில் 38 பேரில் மண்புழுவைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் நான்கே பேர். தொட்டிக்கு முதன்முதலாக அழைத்துப்போன அன்று ஒருத்தி கேட்டாள்: "மேடம், இது நாங்கள் படித்த புழுதானா?"

இல்லை. நாங்கள் வாங்கிவந்தது யூட்ரிலஸ் யூஜீனியே என்ற வகை. அதன் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. நம் ஊர் லாம்பிட்டோ மண்ணைத் துளைத்து வளை அமைத்து, மேலும் கீழும் போய் வந்து வாழ்வது. வெறும் குப்பையை மட்டும் கொடுத்து அதைத் தொட்டியில் வைத்தால் அது செழிக்காது. உரத் தொட்டிக்கு வேண்டியவை மேற்பரப்பில், மக்கும் இலைதழைக்குள்ளேயே வாழும் வகைகள். இதை நான் சொல்லி முடித்ததும், "அப்படி மேலேயே வாழ்கிற புழு நம் ஊரில் இல்லையா? எதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து?" என்று அடுத்த கேள்வி வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டவளை நான் மறக்க மாட்டேன். இருக்கிறது. பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் இந்த நாட்டுப் புழு. சென்னை புதுக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த சுல்தான் அகமது இஸ்மாயில் பல ஆண்டுகளாக உள்ளூர்ப் புழுக்களைக் கொண்டே இந்த வேலையைச் செய்யலாம் என்று சொல்லியும் செய்துகாட்டியும் வந்திருக்கிறார். மேற்பரப்பில் வாழும் பெரியோனிக்ஸையும் மண்ணுக்குள் வாழும் லாம்பிட்டோவையும் சேர்த்து, தொட்டியில் மண் அடுக்கும் வைப்பது அவர் முறை.

அந்த மாணவி அதோடு விடவில்லை. இரண்டு தோழிகளை அழைத்துக்கொண்டு வளாகம் முழுவதும் தேடினாள். விடுதிக் குளியலறைத் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரத்தில், வாழைமரப் பட்டை அழுகிக் கிடந்த இடத்தில் பெரியோனிக்ஸ் கிடைத்தது. யூட்ரிலஸைவிட மெல்லியது, கருஞ்சிவப்பும் நீலமும் மினுங்குவது, தொட்டால் சாட்டைபோலத் துள்ளுவது. எங்கள் மூன்றாவது தொட்டி அன்றிலிருந்து உள்ளூர்ப் புழுக்களுக்கு மட்டும்.

புழுவுக்கு எத்தனை பெயர் என்று பட்டியல் எடுத்ததும் அந்தப் பிள்ளைகள்தான். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்தவள், தன் பாட்டி நாங்கூழ் என்று சொல்வதாகச் சொன்னாள். தமிழ்த்துறைப் பேராசிரியர் அதைக் கேட்டுவிட்டுத் தொட்டிக்கே வந்துவிட்டார். 1891இல் வெளியான மனோன்மணீயத்தில் சுந்தரம் பிள்ளை ஒரு பாத்திரத்தை நாங்கூழ்ப் புழுவின் முன்னால் நிறுத்தி, உழுவோருக்கெல்லாம் நீதான் வேந்து என்ற பொருளில் பேசவைத்திருக்கிறார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1881இல், டார்வின் தம் கடைசி நூலை மண்புழுக்களைப் பற்றித்தான் எழுதினார். அவற்றைப் பற்றிய முதல் கட்டுரையை 1837இல் வாசித்தவர். இடையில் 44 ஆண்டுகள். இரண்டையும் ஒரே பிற்பகலில் தொட்டி ஓரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு வந்திருந்த மாணவிகளில் பாதிப் பேர் வணிகவியல் துறையினர். எனக்கு அப்படி ஒரு வகுப்பு அதற்குமுன் வாய்த்ததில்லை.

டார்வின் வீட்டில் தொட்டிப் புழுக்களுக்கு முன்னால் மகன் பஸ்ஸூன் என்ற குழலை ஊதினார், பியானோவும் வாசிக்கப்பட்டது. புழுக்கள் அசையவில்லை. அந்தத் தொட்டிகளைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தைத் தட்டியதும் வளைக்குள் ஓடின. செவி இல்லை, அதிர்வு தெரியும். எங்கள் மாணவிகள் இதைக் கைப்பேசியைக் கொண்டு செய்துபார்த்தார்கள். இரவில், டார்ச் விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி (சிவப்பு வெளிச்சம் புழுக்களைக் கலைப்பதில்லை), கைப்பேசியைத் தொட்டிக்கு மேலே பிடித்து ஒலிக்கவிட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அதிரும் நிலையில் வைத்துத் தொட்டியின் பலகையில் வைத்தார்கள். மேலே வந்து மேய்ந்துகொண்டிருந்தவை சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டன. "மேடம், அவற்றுக்கு நாம் இருப்பது தெரிகிறது!" என்று ஒருத்தி இரவு ஒன்பதரைக்குத் தொலைபேசியில் கத்தினாள். பதினெட்டு ஆண்டுகளாக ஆய்வகத்தில் ஃபார்மலின் சீசாக்களைக் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறேன். அப்படி ஒரு குரலை எந்தச் சீசாவும் எனக்குத் தந்ததில்லை.

வடகிழக்குப் பருவமழை வந்ததும் வேறொரு பாடம். நவம்பரில் விடாமல் மழை கொட்டிய ஓர் இரவு, மூன்றாம் தொட்டியின் பெரியோனிக்ஸ் புழுக்கள் கூட்டமாக வெளியேறிவிட்டன. விடியற்காலையில் சமையலறைத் திண்ணை முழுவதும் நெளிந்துகொண்டிருந்தன. மழைக்காலத்தில் இப்படி இடம்பெயர்வது இந்தப் புழுவின் இயல்பு. அக்காவும் சமையல்கார அம்மாவும் முறத்தால் அள்ளி அள்ளித் திரும்ப விட்டார்கள். சமையல்கார அம்மா அதுவரை தொட்டிப் பக்கமே வராதவர். "பாவம், குளிருக்குப் பயந்து வந்திருக்கும்" என்றார். அதற்குப் பிறகு மழை இரவுகளில் தொட்டிக்கு மேல் ஒரு விளக்கை எரியவிடுகிறோம். வெளிச்சம் இருந்தால் வெளியே வரத் தயங்கும்.

அதே மழையோடு ஒரு பகையும் வந்தது. மண்வெட்டி போன்ற தலையுடன், மஞ்சள் பழுப்பு உடலில் கரிய கோடுகளோடு, ஒரு சாண் நீளத் தட்டைப்புழு. பைபாலியம் இனம். மண்புழுவின் மேல் படர்ந்து, ஒட்டிக்கொண்டு, கரைத்துக் குடித்துவிடும். ஒரு மாணவி பயத்தில் குச்சியால் அதை இரண்டாக வெட்டிவிட்டாள். அது செய்யக் கூடாத காரியம்; வெட்டிய துண்டு ஒவ்வொன்றும் முழுப் புழுவாக வளர்ந்துவிடக் கூடியது. துண்டுகளைத் தேடிப் பொறுக்கி உப்பு நீரில் போட்டோம். மீளுருவாக்கம் என்று பாடத்தில் பிளனேரியா என்ற தட்டைப்புழுவைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். அன்று வரைய வேண்டியிருக்கவில்லை. தினமும் மாலையில் கற்களையும் சாக்கையும் புரட்டிப் பார்ப்பது அன்றிலிருந்து முறைவேலையில் சேர்ந்தது. செவ்வெறும்புக்குத் தொட்டியைச் சுற்றி ஒரு சிறு நீர்க்கால். அது எளிதாகவே கட்டுப்பட்டது.

இத்தனையும் நடந்தது முதல் ஆண்டில். எல்லாம் நன்றாகவே போயிற்று. படம் எடுத்தோம், செய்திமடலில் போட்டோம், பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினோம். ஏப்ரல் இறுதியில் தேர்வு முடிந்து விடுதி காலியானது. கிளம்புமுன் மாணவிகள் தொட்டி நிறையக் கழிவும் சாணமும் போட்டு, நன்றாக நனைத்து, சணல் சாக்கால் மூடிவிட்டுப் போனார்கள். வாரம் ஒருமுறை யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நான் நினைத்தேன். அந்த "யாராவது" யார் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. விடுதி மூடியதால் அக்காவுக்கும் அந்த இரண்டு மாதம் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. அவர் ஊருக்குப் போய்விட்டார்.

ஜூன் இரண்டாம் வாரம் வந்து சாக்கை விலக்கினேன்.

நாற்றம்கூட இல்லை. அதற்கெல்லாம் முன்பே முடிந்துவிட்டிருந்தது. தொட்டியில் இருந்தது வறண்ட, விரிசல்விட்ட, பழுப்புக் கட்டி. மேற்குச் சுவரில் நாள் முழுவதும் வெயில் அடித்திருக்கிறது. கீற்றுக் கூரையில் ஒரு பக்கம் சரிந்து விழுந்திருந்தது. கையால் உடைத்துப் பார்த்தேன். உள்ளே நூல் நூலாக, காய்ந்த புளியம்பழ நாரைப்போல ஒட்டிக்கொண்டு கிடந்தன. மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை. ஈரத் தோலின் வழியேதான் மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தால் காற்று உள்ளே போகாது. ஆகவே காய்ந்து சாவது என்றால் மூச்சுத் திணறிச் சாவது. இதை எத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! ஒரு மாதம் முழுக்க, சிறிது சிறிதாக, ஈரம் பின்வாங்கப் பின்வாங்க அவை அடியை நோக்கிப் போயிருக்கின்றன. செங்கல் அடுக்கின் மேல் ஒரு மூலையில் கொத்தாகக் குவிந்து கிடந்தன. அதற்குக் கீழே போக இடமில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கல்லூரி திறந்ததும் மாணவிகளை அழைத்துக் காட்டினேன். மறைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. சுத்தம் செய்து புதிய புழுவை வாங்கிப் போட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. சில வளாகங்களில் அப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். மதிப்பீட்டுக் குழு வரும்போது தொட்டிக்கு வெள்ளையடித்து, பெயர்ப்பலகை வைத்து, இரண்டு கிலோ புழு வாங்கிவிடுவார்கள். குழு போன பிறகு தொட்டியில் செடி முளைத்துக் கிடக்கும். இது எனக்கு மிகவும் வேதனை தருகிறது. செங்கல் தொட்டி ஒரு கட்டடம்போலத் தெரிவதால் இந்த மயக்கம் வருகிறது. உண்மையில் நாம் கட்டுவது ஒரு தொழுவம். வீட்டில் பசு வைத்திருப்பவர்கள் இரண்டு மாதம் பூட்டிவிட்டு ஊருக்குப் போவார்களா?

மாணவிகள் அழுதார்கள். நம் ஊரில் புழு இல்லையா என்று கேள்வி கேட்டவள், நான் சொன்ன அந்தப் பெண், அழவில்லை. மூன்றாம் தொட்டியில் குழாய்க்குப் பக்கத்து மூலையை விரலால் கிளறிக்கொண்டே இருந்தாள். அந்தக் குழாய் கொஞ்சம் ஒழுகும். சரிசெய்யச் சொல்லி நானே இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கே ஒரு கைப்பிடி அளவு மண்ணில் லேசான ஈரம் இருந்தது. புழு இல்லை. ஆனால் கொள்ளுப் பயறைவிடச் சிறியதாக, மஞ்சள் பழுப்பு நிறத்தில், இரண்டு முனையும் கூர்ந்த மணிகள் இருந்தன. புழுக்கூடுகள். மண்புழுவின் முட்டைகள் இருக்கும் உறைகள். வளர்ந்த புழு தாங்காத வறட்சியை இவை தாங்கும். தேடித் தேடி 63 எடுத்தோம். ஈரப் பஞ்சு விரித்த பெட்ரித் தட்டுகளில் வைத்து, ஆய்வகத்தின் இருட்டு அலமாரியில் மூடிவைத்தோம்.

பதினாறாம் நாள் காலையில் முதல் தட்டில் வெள்ளை நூல் ஒன்று நெளிந்தது. நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. உடல் கண்ணாடிபோல இருந்ததால் உருப்பெருக்கியில் உள்ளே சிவப்பு இரத்தக் குழாய் துடிப்பது தெரிந்தது. மூன்று வாரத்தில் 41 குஞ்சுகள் வந்தன. மற்றக் கூடுகள் திறக்கவே இல்லை. அந்த 41ஐ மண்சட்டி ஒன்றில், மட்கிய சாணத்தில் வளர்த்து, இரண்டு மாதம் கழித்துத் தொட்டியில் விட்டோம். புதிதாக ஒரு புழுகூட வாங்கவில்லை. முதல் இரண்டு தொட்டிகளையும் ஓராண்டு காலியாகவே விட்டுவைத்தோம். இன்று மூன்றிலும் இருப்பவை அந்தச் சட்டியின் வழித்தோன்றல்களும் வாய்க்கால் ஓரத்தில் பிறகு பிடித்தவையும்தான்.

அந்த ஜூனுக்குப் பிறகு நான் செய்த முக்கியமான வேலை புழு சம்பந்தப்பட்டது அல்ல. அக்காவுக்குக் கோடை இரண்டு மாதமும் தொட்டிப் பராமரிப்புக்கென்று ஊதியம் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். முதல் முறை திரும்பி வந்தது. தன்னார்வலர்களைக் கொண்டு செய்யலாமே என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். மதிய வெயிலில் ஒருவர் உடல் உழைத்துச் செய்கிற வேலைக்குத் தன்னார்வம் என்று பெயர் வைப்பதை நான் ஏற்கவில்லை. வணிகவியல் மாணவிகள் உதவினார்கள். குப்பை அள்ளும் வண்டிக்குக் கொடுத்துவந்த தொகை, தோட்டத்துக்கு வாங்கிய உரத்தின் செலவு, இப்போது எடுக்கும் உரத்தின் அளவு எல்லாவற்றையும் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டாம் முறை ஒப்புதல் கிடைத்தது. மேற்குச் சுவரை ஒட்டி வெயிலை மறைக்கப் பந்தலில் பீர்க்கங்கொடி ஏற்றியதும், சாக்கை இரண்டு அடுக்காகப் போடச் சொன்னதும் அக்காதான். கடந்த மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டிய நாளில் தொட்டிக்குள் 31 டிகிரி இருந்தது.

உரம் எடுக்கும் நாள் எங்களுக்கு ஒரு சிறு திருநாள். நான்கு நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவோம். புழுக்கள் அடிக்குப் போய்விடும். மேலே இருப்பதை அள்ளிக் கூம்பாகக் குவித்து வெளிச்சத்தில் வைத்தால், மிஞ்சிய புழுக்களும் குவியலின் அடிக்கு இறங்கும். மேலிருந்து சுரண்டி எடுத்துச் சல்லடையில் சலிக்க வேண்டியதுதான். தேயிலைத் தூள் போன்ற கருமை. முதல் மழையின் மண்வாசம் அதில் இருக்கும். ஆக்டினோமைசீட்ஸ் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் இரண்டு வாசத்துக்கும் காரணம். விடுதிக் கழிவிலிருந்து வந்தது என்று சொன்னால் புதிதாக வருபவர்கள் நம்புவதில்லை. முகர்ந்து பார்க்கக் கொடுத்துவிடுவோம்.

ஆனால் இந்த உரத்தைப் பற்றி மிகையாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். மண்புழு உரத்தில் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு சதவீதம். ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று விவசாயியிடம் சொல்வது அவரை ஏமாற்றுவதாகும். மண்ணின் பொலபொலப்பும், நீரைப் பிடித்துவைக்கும் தன்மையும், நுண்ணுயிர் வளமும் இதன் பலன்கள். எங்கள் மாணவிகள் தண்டுக்கீரையை மூன்று வகைச் சட்டிகளில் வளர்த்தார்கள்: வெறும் கரிசல் மண், நான்கு பங்கு மண்ணும் ஒரு பங்கு உரமும், முழுக்க உரம். முழு உரச் சட்டிதான் வெல்லும் என்று எல்லாரும் எழுதிவைத்தார்கள். கலவைச் சட்டிக் கீரை நன்றாக வந்தது. முழு உரத்தில் விதைத்தது நோஞ்சானாகவே நின்றது. அளவு மிஞ்சினால் உரத்திலுள்ள உப்புகளே நாற்றை வதைக்கும். ஒருத்தி அதை நம்பாமல் மூன்று முறை திரும்பச் செய்தாள். மூன்று முறையும் அதே விடை. அவள் தந்தை சாத்தூர்ப் பக்கம் மானாவாரியில் உளுந்து போடுபவர். அவருக்குச் சொல்ல, தானே செய்துபார்த்த ஒரு சேதி இப்போது அவளிடம் இருக்கிறது.

தொலைபேசியில் அழைத்த பேராசிரியைக்கு இன்று காலை திரும்பப் பேசினேன். தொட்டி கட்டுமுன் கோடை விடுமுறைக்கு ஓர் அட்டவணை எழுதுங்கள், அதில் முதல் பெயராக வருகிறவருக்கு ஊதியம் ஒதுக்குங்கள், பிறகு செங்கல் வாங்கலாம் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கள் விடுதியிலும் ஓர் அக்கா இருக்கிறார். அவரிடம் கேட்கிறேன்" என்றார்.

எங்கள் அட்டவணை சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. திங்கள் முதல் சனி வரை அக்கா. ஞாயிறு அவருக்கு ஓய்வு. அன்றைக்கு ஊருக்குள் இருக்கும் நாங்கள் நான்கு பேர் மாறி மாறிப் போகிறோம். நாளை ஞாயிறு, என் முறை. வெயில் ஏறுமுன் போய்ச் சாக்கை நனைத்துவிட்டு, மூன்றாம் தொட்டியில் ஒரு பிடி அள்ளிப் பார்க்க வேண்டும்.